டிராஃப்ட் போர்டு: யூனிஃபார்முக்கு நோ என்ட்ரி!

'மனசாட்சிப்படி என்னால துப்பாக்கி தூக்க முடியாது சார்'னு ஒரு பையன் சொன்னா, அது நிஜமா, சாக்கான்னு யார் முடிவு பண்றது? ராணுவ ஜெனரல்னு நினைச்சா தப்பு பாஸ்! அமெரிக்காவில் அது பக்கத்துத் தெருக்காரங்க வேலை.

அங்கே கட்டாய ஆள்சேர்ப்பு 1973-லேயே நின்னாச்சு. ஆனாலும், 'திரும்ப வந்தா?' என்ற முன்யோசனையில் டிராஃப்ட் போர்டுகளுக்குத் தன்னார்வலர்களைத் தயாராக வைத்திருக்கிறார்கள். தகுதி? அமெரிக்கக் குடியுரிமை, 18 வயசு, அதே ஏரியாவில் வீடு. பெரிய குற்றத்தில் தண்டனை வாங்கியிருக்கக் கூடாது. டிகிரி கேட்க மாட்டாங்க, சம்பளமும் தர மாட்டாங்க! கவர்னர் சிபாரிசு செய்ய, அதிபர் பெயரில் நியமனம். அப்புறம் டிரெய்னிங்.

முக்கியமான கண்டிஷன்... ராணுவத்தில் இருப்பவர், அதில் ஓய்வுபெற்றவர், போலீஸ் யாருக்கும் இடமில்லை!

யார் உட்காருகிறார் என்பதில் ஏன் இவ்வளவு கறார்? வியட்நாம் போர் கற்றுத்தந்த பாடமும் இருக்கு. 1966-ல் போர்டு உறுப்பினர்களில் கறுப்பினத்தவர் வெறும் 1.3 சதவிகிதம். பெண்களுக்குக் கதவு திறந்ததே 1967-ல்தான். இப்போ, ஏரியாவின் இனக் கலவையை போர்டு முடிந்தவரை பிரதிபலிக்கணும்.

ஆக, 18 வயசுப் பையனின் தலையெழுத்தை இன்னொரு 18 வயசுக்காரரும் எழுதலாம். அந்த நாற்காலியில் நீங்க உட்கார்ந்தா, அவன்கிட்ட முதல்ல என்ன கேட்பீங்க?