போர் விமானச் சிமுலேட்டர் விளையாட்டுகளில் சேத மாதிரி: எண்ணிக்கையும் இடமும்

ஆய்வுச் சுருக்கம்

வான்போரைக் கணினியில் நிகழ்த்திக் காட்டும் சிமுலேட்டர் விளையாட்டுகளில், தோட்டா பட்ட விமானம் எவ்வாறு செயலிழக்கிறது என்பதைக் கணக்கிடும் பகுதி ‘சேத மாதிரி’ எனப்படும். எத்தனை தோட்டாக்கள் பட்டன என்பதைவிட, அவை எங்கே பட்டன என்பதே அம்மாதிரியின் மெய்ம்மைக்கு அடிப்படை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சேத மாதிரி, சிமுலேட்டர், ஆபிரகாம் வால்ட், உறுப்புவழிக் கணக்கீடு, தரவுச் சாய்வு.

முன்னுரை

சேத மாதிரிகளுள் மிக எளியது, விமானத்திற்கு ஒரு மொத்த உயிர்ப்புள்ளியை வழங்குவதாகும். 100 புள்ளிகள் கொண்ட விமானத்தில் ஒவ்வொரு தோட்டாவும் 5 புள்ளிகளைக் குறைப்பதாகக் கொள்வோம். 19 தோட்டாக்கள் பட்ட பின்னும் அது குறையின்றிப் பறக்கும்; 20ஆவது தோட்டாவில் வெடித்துச் சிதறும். இறக்கையின் நுனியில் பட்டதும் எஞ்சினில் பட்டதும் இங்கு ஒரே மதிப்புடையனவாகின்றன. இக்கணக்கு நிரலருக்கு எளிது. ஆயின் வான்போரின் இயல்புக்கு முரணானது.

வால்டின் கணக்கு

எண்ணிக்கையை மட்டும் நம்புவதன் பிழையை 1943இல் கணித நோக்கில் ஆராய்ந்தவர் ஆபிரகாம் வால்ட். கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்து இயங்கிய புள்ளியியல் ஆய்வுக் குழுவில் அவர் பணியாற்றினார். போரிலிருந்து திரும்பிய விமானங்களின் துளைகள் மட்டுமே ஆய்வுக்குக் கிடைத்தன, வீழ்ந்தவை கிடைக்கவில்லை. தோட்டாக்கள் பரப்பளவுக்கேற்ப எங்கும் படும் எனக் கொண்டால், திரும்பியவற்றில் துளைகள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக உள்ள பகுதியே உயிர்நிலை ஆகும். ஏனெனில், அப்பகுதியில் அடிபட்டவை திரும்பவில்லை.

வால்ட் தம் முறையை விளக்க, 400 விமானங்கள் சென்று 380 திரும்பியதாக ஒரு கற்பனை எடுத்துக்காட்டை அமைத்தார். திரும்பியவற்றுள் 320 விமானங்களில் ஓர் அடியும் இல்லை. எஞ்சிய 60 விமானங்களின் துளைகளைக்கொண்டு, காணாமற்போன 20 விமானங்களைப் பற்றி அனுமானிப்பதே அவர் முறை. இந்தியாவில் விரிவுரைப் பயணம் மேற்கொண்டிருந்த வால்ட், 1950 டிசம்பரில் நீலகிரி மலையில் நிகழ்ந்த விமான விபத்தில் மனைவியுடன் உயிரிழந்தார்.

உறுப்புவழிக் கணக்கீடு

இடத்தை முதன்மைப்படுத்தும் மாதிரி, விமானத்தை எஞ்சின், எரிபொருள் தொட்டி, கட்டுப்பாட்டுக் கம்பி, இறக்கையின் முதன்மை விட்டம், விமானி எனப் பல உறுப்புகளாகப் பகுக்கிறது. 2001இல் வெளிவந்த ‘இல்-2 ஸ்டுர்மோவிக்’ இத்தகைய பகுப்புக்குப் பெயர்பெற்றது. ‘டிசிஎஸ் வேர்ல்டு’ தன் இரண்டாம் உலகப்போர் விமானங்களுக்கான சேத மாதிரியை 2020இல் புதுப்பித்தது.

கணக்கீடு மூன்று படிகளில் நிகழ்கிறது. முதலாவது, தோட்டாவின் பாதை விமானத்தின் எப்பகுதியை வெட்டுகிறது என அறிதல். இரண்டாவது, வெளித்தகட்டைத் துளைத்தபின் எஞ்சும் ஆற்றலைக்கொண்டு உள்ளுறுப்பின் பாதிப்பைக் கணித்தல். மூன்றாவது, அப்பாதிப்பைப் பறத்தல் கணக்கீட்டுடன் இணைத்தல். இறக்கையின் மேற்பரப்பு கிழிந்தால் ஏற்றவிசை குறைந்து இழுவிசை கூடும். விட்டம் நலிந்தால், நேராகப் பறக்கையில் தாங்கும் இறக்கை, கூர்மையாகத் திரும்பும்போது முறியும்.

இரு எஞ்சின்களின் வேறுபாடு இதனைத் தெளிவாக்கும். பி-51 மஸ்டாங் விமானத்தின் மெர்லின் எஞ்சின் திரவத்தால் குளிர்விக்கப்படுவது. அதன் ரேடியேட்டர் வயிற்றுப்புறத்தில் அமைந்தது. அங்கே பட்ட ஒரு தோட்டாவே குளிர்திரவத்தை ஒழுகச் செய்யக்கூடும். பி-47 தண்டர்போல்ட் விமானத்தின் 18 சிலிண்டர் எஞ்சின் காற்றால் குளிர்விக்கப்படுவது. அதற்கு இவ்வகை ஒழுக்கு இல்லை. உயிர்ப்புள்ளி மாதிரியால் இவ்வேறுபாட்டைக் காட்ட இயலாது.

இங்குக் காலமும் ஒரு கூறாகிறது. குளிர்திரவம் இழந்த எஞ்சின் உடனே நிற்பதில்லை. வெப்பம் ஏறி, சில நிமிடங்களுக்குப் பின்னரே இறுகி நிற்கிறது. சுட்டவர் தம் தாக்குதல் பயனற்றதெனக் கருதி விலகிய பின்னரும் அவ்விமானம் வீழலாம்.

தரவுச் சாய்வு

மாதிரியின் மெய்ம்மையை மதிப்பிடுவதிலும் வால்டின் சிக்கல் மீள்கிறது. விளையாடுவோர் பலர் போர்க்காலத் துப்பாக்கிக் கேமராப் படங்களை அளவுகோலாகக் கொள்கின்றனர். பரவலாகக் காட்டப்படும் படத்துண்டுகள் பெரும்பாலும் விமானம் தீப்பற்றுவதையோ முறிவதையோ காட்டுவன. புகை கக்கியவாறு தப்பிச் சென்றவை அவற்றில் அருகியே இடம்பெறுகின்றன. திரும்பியவற்றை மட்டும் நோக்குவது ஒருவகைச் சாய்வு எனில், வீழ்ந்தவற்றை மட்டும் நோக்குவது அதன் மறுபக்கம். ‘சுட்டவுடன் விமானம் வீழவில்லை’ என்பது மட்டுமே மாதிரியின் குறைக்குச் சான்றாகாது.

இணையவழிப் பலர் ஆடும்போது ஒவ்வோர் அடியையும் எல்லாக் கணினிகளுக்கும் அனுப்பவேண்டியுள்ளது. எனவே உறுப்புகளை வரம்பின்றிப் பகுத்தல் இயலாது. சில விளைவுகளை நிகழ்தகவாலேயே தீர்மானிக்கவேண்டும்.

முடிவுரை

துளைகளையும் தீயையும் நுட்பமாக வரைவது காட்சியின் மெய்ம்மை. எவ்வுறுப்பு எச்செயலை இழந்தது என்பதைக் கணக்கிடுவது சேதத்தின் மெய்ம்மை. இரண்டாவதை மேற்கொள்ளும் மாதிரியே, சில விமானங்கள் பல துளைகளுடன் ஏன் திரும்பின, சில ஒரே தோட்டாவால் ஏன் வீழ்ந்தன என்பதை விளக்க வல்லது. உறுப்புப் பட்டியலில் விமானியும் ஓர் உறுப்பாகவே இடம்பெறுகிறார். திரும்பாத விமானங்களைப் பற்றிய கணக்கு, திரும்பாத மனிதர்களைப் பற்றிய கணக்குமாகும்.