ஒரே வேதம், எதிரெதிர் வாசிப்புகள்

2006 ஏப்ரல் 11ஆம் திகதி, 43 ஆண்டுகளாகத் தலைமறைவாக இருந்த மாஃபியாத் தலைவர் பெர்னார்தோ புரொவென்சானோ, கொர்லியோனேக்கு அருகே ஒரு பண்ணை வீட்டில் பிடிபட்டார். அங்கே வேதாகமப் பிரதிகளும் இருந்தன. ஒன்றில் பல இடங்கள் அடிக்கோடிடப்பட்டிருந்தன. ஆட்களுக்கு அவர் அனுப்பிய துண்டுக் கடிதங்களில் இறை ஆசியும் இருந்தது.

அதே வேதத்தைப் பலேர்மோவில் வேறு சிலரும் வாசித்தார்கள். பிரங்காச்சோவின் பங்குத்தந்தை பினோ புல்யீசி, 1993 ஜனவரியில் தாம் தொடங்கிய சமூக நிலையத்துக்கு ‘எங்கள் தந்தை’ என்று பெயரிட்டார். தந்தையின் இடத்தில் மாஃபியாத் தலைவன் அமர்ந்திருந்த குடியிருப்பில் அந்தப் பெயரே ஒரு வியாக்கியானம்தான். அதே ஆண்டு செப்டெம்பர் 15இல், தமது 56ஆவது பிறந்தநாளில், அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். குருப்பட்டம் பெறாத பியாஜோ கொந்தே, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் படுத்திருந்த வீடற்றவர்களோடு தங்கத் தொடங்கினார். 1993இல், நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்திலுள்ள வியா ஆர்க்கிராபியில், அவர்களுக்கான இல்லத்தை ஆரம்பித்தார். அகதிகள் பலருக்கும் அது புகலிடமானது. கொந்தே 2023இல் மறைந்தார். பசித்தவனையும் அந்நியனையும் பற்றிப் பேசும் மத்தேயு 25ஆம் அதிகாரத்துக்கு இதைவிடத் தெளிவான உரை எனக்குத் தெரியாது.

தொழிற்சாலை இடைவேளையில் ஒரு தம்பி கேட்டார்: “சேர், வேதத்தில இருக்கெண்டால் சரிதானே?” எம் சஞ்சிகைகளில் எழுதும் நண்பர்களோ இதற்கு மறுகோடியில் நிற்கிறார்கள். பிரதிக்கு நிலையான அர்த்தம் இல்லை, எல்லா வாசிப்பும் சமம் என்கிறார்கள். இரண்டு நிலைப்பாடுகளும் புரொவென்சானோவுக்கு வசதியானவை. எழுத்தே போதும் என்றால் தனக்கு ஏற்ற வரியை அவர் அடிக்கோடிடலாம். எல்லாம் சமம் என்றால் அவருடைய வாசிப்பையும் மறுக்க முடியாது.

உரை மரபில் வளர்ந்த எமக்கு இது புதிய சிக்கல் அல்ல. குறளுக்குப் பரிமேலழகர் சொன்னதெல்லாம் வள்ளுவர் சொன்னதல்ல என்பதை அறிவோம். அதற்காக எந்த உரையும் பொருந்தும் என்று நாம் சொல்வதில்லை. சொல், இடம், முன்பின் தொடர்பு, காலம் ஆகியவற்றை வைத்து உரைகளை நிறுக்கிறோம். கத்தோலிக்கத் திருச்சபையும் 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் இலக்கிய வகைகளை அறிந்து வாசிக்க வேண்டும் என்றது. திருத்தந்தையின் விவிலிய ஆணைக்குழு 1993இல் வெளியிட்ட ஆவணம் வரலாற்று ஆய்வு இன்றியமையாதது என்றதோடு, எழுத்துக்கு எழுத்து வாசிக்கும் அடிப்படைவாதத்தை அறிவின் தற்கொலைக்கு ஒப்பிட்டது.

மொழிபெயர்ப்பே முதல் உரை. யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாரோடு சைவரான ஆறுமுக நாவலர் உழைத்த தமிழ் வேதாகமம் 1850இல் வெளிவந்தது. எம் பெற்றோர் ‘யாத்திராகமம்’ என்று அறிந்த நூல், 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பில் ‘விடுதலைப் பயணம்’ ஆயிற்று. நூல் ஒன்றுதான். முதற்பெயர் வாசகனை யாத்திரிகன் ஆக்குகிறது, மற்றது அடிமைத்தளையை அறுப்பவன் ஆக்குகிறது. ஈழத்தவர் காதில் இரண்டாவது சொல் எப்படி ஒலிக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். எகிப்திலிருந்து வெளியேறிய கதையை யோசுவா நூல் தொடர்கிறது. எரிகோவில் ஆண், பெண், முதியவர், குழந்தை எல்லோரும் வெட்டப்படுகிறார்கள். அமெரிக்காவின் ஓசேஜ் பழங்குடியைச் சேர்ந்த ரொபர்ட் அலன் வாரியர், கானானியர் பக்கம் நின்று இக்கதையை வாசித்தால் என்ன தெரியும் என்று 1989இல் கேட்டார். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து 70,000க்கும் அதிகமான முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். தம்மை இஸ்ரவேலராகக் கண்ட எம்மில் எத்தனை பேர், அந்த வேளையில் கானானியர் யார் என்று கேட்டோம்?

வரலாற்று ஆய்வு இங்கே உதவுகிறது. 1952 முதல் 1958 வரை எரிகோவைத் தோண்டிய கத்லீன் கென்யன், யோசுவாவுக்குரியதாகக் கருதப்படும் காலத்தில் மதில் சூழ்ந்த நகர் இருந்ததற்குச் சான்று காணவில்லை. அந்த நூல் இன்றைய வடிவத்தைப் பல நூற்றாண்டுகள் கழித்தே, பேரரசுகளால் நசுக்கப்பட்ட ஒரு சிறு மக்கள் கூட்டத்திடம் பெற்றது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. தோற்றவர்களின் கனவை வென்றவர்களின் கட்டளையாக வாசிப்பது ஆபத்து.

மேலும், வேதம் தனக்குள்ளேயே வாதாடுகிறது. மோவாபியர் சபையில் சேரக்கூடாது என்கிறது உபாகமம் 23. தாவீதின் பூட்டியே மோவாபியப் பெண் என்கிறது ரூத் நூல். எஸ்றா அந்நிய மனைவியரை அனுப்பிவிடச் செய்கிறார். யோனா நூலில் இறைவன் பகைவரின் நினிவேக்கு இரங்குகிறார். விடுதலைப் பயண நூலே 23ஆம் அதிகாரத்தில், நீங்கள் எகிப்தில் அந்நியராய் இருந்தவர்கள், ஆகவே அந்நியரை ஒடுக்காதீர்கள் என்ற பொருளில் சட்டம் வகுக்கிறது. பட்ட துன்பத்தின் நினைவிலிருந்து அந்த நூல் எடுக்கும் முடிவு இதுதான்.

வாதாடும் குரல்களில் எதன் பக்கம் நிற்பது? அகுஸ்தீனார் ஓர் அளவுகோல் தந்தார்: இறையன்பையும் பிறரன்பையும் வளர்க்காத விளக்கம் எதுவானாலும், அது வேதத்தைப் புரிந்துகொண்டதாகாது. புல்யீசியும் கொந்தேயும் இந்த அளவுகோலுக்கு நிற்கிறார்கள், புரொவென்சானோ நிற்கமாட்டார். எங்கள் வாசிப்பு நிற்குமா என்பதை, எம்மால் வெளியேற்றப்பட்டவர்களையும் அருகில் வைத்துக்கொண்டுதான் சோதிக்க வேண்டும். சைவ, முஸ்லிம், மார்க்சிய நண்பர்களும் தத்தம் நூல்களை முன்வைத்து இதற்கு எதிர்வினை எழுதினால் விவாதம் பயனுள்ளதாகும்.