தலை அசையாது, இடுப்பு ஓயாது

விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயிலில் பங்குனிப் பொங்கல், சாத்தூருக்கு அருகே இருக்கன்குடியில் ஆடி வெள்ளி. சிவகாசியைச் சுற்றிப் பட்டாசும் தீப்பெட்டியும் செய்யும் இந்தக் கரிசல் மண்ணில் ஆண்டு முழுக்க ஏதாவதோர் அம்மனுக்குத் திருவிழா நடந்துகொண்டிருக்கும். அந்த இரவுகளில் ஊர்ப்பொட்டலில் கூட்டம் சேர்க்கிற கலை கரகாட்டம். பலரும் இடுப்பாட்டமாகவே பார்த்துவிட்டுப் போகும் இதற்குள் நுட்பமானதோர் உடல் அறிவியல் இருக்கிறது.

கரகத்தில் இரண்டு வகை உண்டு. நீர் நிறைத்து, வேப்பிலையும் பூவும் சூட்டி, நேர்ந்துகொண்டவரோ பூசாரியோ கோயிலுக்கு எடுத்து வருவது சக்திக் கரகம். கலைஞர்கள் தலையில் வைத்து ஆடுவது ஆட்டக் கரகம். ஆட்டக் கரகத்துக்கான செம்பின் அடிப்பகுதியைத் தலையில் படியும்படி உள்நோக்கித் தட்டி வைப்பார்கள். செம்புக்குள் சில கிலோ அரிசியோ மணலோ போடுவார்கள். அதன்மேல் இலேசான அலங்காரக் கூடு, உச்சியில் ஒரு கிளி பொம்மை.

இந்த அமைப்பே பாதி வித்தை. எடை முழுவதும் அடியில் தங்குவதால் ஈர்ப்பு மையம் கீழே இறங்கி, குடம் சற்றுச் சாய்ந்தாலும் உடனே கவிழ்வதில்லை. எடை இருந்தால்தான் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதும் கழுத்துக்குத் தெரியும். விளக்குமாற்றை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்திப் பார்த்தவருக்கு இது புரியும். அது சாயும் பக்கமே கை நகர்ந்தாக வேண்டும். கரகாட்டத்தில் அந்த வேலையைக் கழுத்துத் தசைகள் ஓயாமல் செய்கின்றன. நமக்கு அசையாமல் நிற்பதாகத் தெரியும் தலை, உண்மையில் கண்ணுக்கு எட்டாத சிறு திருத்தங்களைச் செய்துகொண்டே இருக்கிறது. காதின் உட்புறத்திலுள்ள மூன்று அரைவட்டக் குழாய்கள் தலை திரும்புவதை மூளைக்குச் சொல்கின்றன. தொலைவில் ஓரிடத்தில் நிலைகுத்திய பார்வையும் கழுத்துத் தசைகளின் உணர்வும் அதற்குத் துணை.

மறு பாதி, இடுப்பைத் தலையிலிருந்து பிரிப்பது. வலது முழங்கால் நிமிர்ந்தால் வலது இடுப்பு ஏறும், மடங்கினால் இறங்கும். இரு முழங்கால்களும் மாறி மாறி இதை விரைவாகச் செய்யும்போது இடுப்பு துடிக்கிறது. அந்த அசைவு மார்புக்கு ஏறாதபடி இடையின் பக்கவாட்டுத் தசைகளும் கீழ்முதுகும் வளைந்து வாங்கிக்கொள்கின்றன. பாதம் தரையை அறையும் அதிர்ச்சியை, சற்றே மடங்கிய முழங்கால்கள் தாங்கிக்கொள்கின்றன. இது கைவந்த பிறகுதான் தாம்பாளத்தின் விளிம்பில் நின்று ஆடுவதும், ஏணியில் ஏறுவதும், குனிந்து கண்ணிமையால் ஊசி எடுப்பதும்.

இதே பாடத்தை நைல் நதிக்கரையிலும் படித்திருக்கிறார்கள். எகிப்தின் கல்யாண ஊர்வலங்களில், எரியும் மெழுகுவத்திகள் செருகிய கொத்துவிளக்கைத் தலையில் ஏந்தி இடுப்பை மட்டும் ஆட்டிக்கொண்டு ஆடும் பெண்கள் உண்டு. அந்த விளக்குக்கு ஷமதான் என்று பெயர். ஷஃபீக்கா என்ற கலைஞர் இந்த ஆட்டத்துக்குப் பேர் பெற்றவர். நம் பெண் காலில் கட்டிய சலங்கையால் பேசினால், அங்குள்ளவர் விரல்களில் மாட்டிய சிறு தாளங்களால் பேசுகிறார். தவிலும் பம்பையும் கேள்வி கேட்க, பாதம் பதில் சொல்வது கரகாட்டத்துக்கு வாசிக்கும் நையாண்டி மேளத்தின் அழகு. தர்புக்கா என்னும் ஒருமுகக் கைப்பறைக்கு இடுப்பு பதில் சொல்வது எகிப்திய ஆட்டத்தின் உச்சம்.

பழமைக்குள் புதுமை வந்த கதையிலும் ஒற்றுமை தெரிகிறது. பதியா மஸப்னி 1926-இல் கெய்ரோவில் தொடங்கிய கேளிக்கை அரங்கு, தெருவிலும் கல்யாண வீட்டிலும் ஆடிய ஆட்டத்தை மேடைக்கு ஏற்றியது. பாலே நடையும் லத்தீன் அமெரிக்க அடவுகளும் அதில் கலந்தன. நடனக் கலைஞர் தஹியா கரியோக்கா தன் பெயரின் பின்பாதியையே ஒரு பிரேசில் நடனத்திலிருந்து எடுத்துக்கொண்டார். 1959-இல் மஹ்மூத் ரெதா தொடங்கிய நடனக் குழு கிராமிய ஆட்டங்களை நாட்டின் கௌரவமாக்கியது. நம்மிடம் கங்கை அமரன் இயக்கத்தில் 1989-இல் வெளிவந்த ‘கரகாட்டக்காரன்’ இந்தக் கலையை நகரத்துத் திரையரங்குகளுக்கும் கொண்டுபோனது. நையாண்டி மேளக்காரர்களும் நாதஸ்வரத்தில் சினிமாப் பாட்டு வாசிக்கிறார்கள்.

சினிமாப் பாட்டால் கலை கெட்டது என்று நான் நினைக்கவில்லை. எந்த மெட்டு வந்தாலும் தவிலின் நடைக்குள் அடங்கிவிடும், தலையில் குடம் இருக்கும்வரை அது கரகாட்டம்தான். கரகத்தை இறக்கி வைத்துவிட்டு ஆடு என்று கூட்டம் கேட்கும்போதுதான் கலை காணாமல் போகிறது. அப்போது மிஞ்சுவது இடுப்பு மட்டும். பழி மட்டும் ஆடுகிறவர் தலையில் விழுகிறது. எகிப்திலும் அப்படியே நடந்தது. 1834-இல் ஆட்சியாளர் முகமது அலி, பொது இடங்களில் ஆடிய பெண்களைக் கெய்ரோவிலிருந்து தெற்கே துரத்தினார்.

அதனால் விழாக் கமிட்டியாரிடம் ஒரு வேண்டுகோள். மேடு பள்ளமில்லாத தரையும் நல்ல வெளிச்சமும் கொடுங்கள். முதல் ஒரு மணி நேரத்தையாவது குடம் இறக்காத ஆட்டத்துக்கு ஒதுக்குங்கள். ஏணியும் தாம்பாளமும் கேளுங்கள். அந்த வித்தைகளுக்குத் தனிச் சன்மானம் கொடுங்கள். பல ஆண்டுப் பயிற்சிக்கு விலை கிடைத்தால்தான் அடுத்த தலைமுறைப் பெண் அந்தச் செம்பைத் தலையில் ஏற்றத் துணிவாள்.