வெளிச்சம் பழகுவோம் – 6: இரண்டாவது விளக்கு பெட்டியிலேயே இருக்கட்டும்

1915ஆம் ஆண்டு. ஹாலிவுட் இயக்குநர் செசில் பி. டிமில் 'தி வாரன்ஸ் ஆஃப் வர்ஜீனியா' என்ற மௌனப்படத்தை எடுத்துக்கொண்டிருந்தார். முகம் முழுக்கப் பட்டப்பகல் வெயில் போல வெளிச்சம் விழுந்தால்தான் நல்ல ஒளிப்பதிவு என்று எல்லோரும் நம்பிய காலம் அது. டிமில் ஒரு நாடக அரங்கிலிருந்து ஸ்பாட் லைட்டை இரவல் வாங்கி வந்தார். நடிகரின் ஒரு கன்னத்தில் மட்டும் வெளிச்சம் போட்டு, மறு கன்னத்தை இருட்டில் விட்டார். படத்தை விற்கும் பொறுப்பில் இருந்த சாமுவேல் கோல்ட்வின் பதறிப்போனார். பாதி முகம்தான் தெரிகிறது, தியேட்டர்காரர்கள் பாதிப் பணம்தான் தருவார்கள் என்பது அவருடைய கவலை. இது ரெம்ப்ராண்ட் பாணி ஒளியமைப்பு என்று டிமில் பதில் அனுப்பினார். அந்த ஓவியரின் பெயரைச் சொல்லியே படத்தைக் கூடுதல் விலைக்கு விற்றார்கள். டிமில் பின்னாளில் சொன்ன கதை இது.

கோல்ட்வினின் அந்தப் பயம் நூறு வருஷம் கழித்தும் போகவில்லை. நம் ஊர் ஸ்டூடியோக்களில் நாற்காலிக்கு இடப்பக்கம் ஒரு குடை, வலப்பக்கம் ஒரு குடை. இரண்டிலும் ஒரே அளவு வெளிச்சம். பாஸ்போர்ட் படத்துக்கு அது சரி. முகத்தில் நிழல் விழுந்தால் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆனால் கல்யாண ஆல்பத்துக்கும், அறுபதாம் கல்யாணத்துக்கும், கல்லூரிப் பெண்ணின் படத்துக்கும் அதே இரண்டு குடைதான். மூக்கு எவ்வளவு எடுப்பானது, கண் எவ்வளவு ஆழமானது, தாடை எங்கே திரும்புகிறது என்பதையெல்லாம் காட்டுவது நிழல். இரண்டு பக்கமும் சமமாக வெளிச்சம் போட்டால் அந்த நிழல் துடைத்ததுபோல மறைந்துவிடுகிறது.

வீட்டிலேயே முகப்படம் எடுத்துப் பழக விரும்புகிறவருக்கு இந்த வாரம் சொல்ல வேண்டியது ஒன்றுதான். கடையில் இரண்டு மூன்று விளக்குகள் சேர்ந்த செட்டாகத்தான் பெரும்பாலும் கொடுப்பார்கள். வாங்குங்கள், தவறில்லை. ஆனால் பிரிக்க வேண்டியது ஒரே ஒரு விளக்கை.

இந்த விளக்குகள் இவ்வளவு மலிவானதே ஒரு பெரிய சங்கதி. 1887இல் ஜெர்மனியில் மக்னீசியத் தூளைக் கொளுத்தி ஃபிளாஷ் அடித்தார்கள். அறையெல்லாம் புகை, கை சுடும் ஆபத்து வேறு. 1929 வாக்கில் ஃபிளாஷ் பல்ப் வந்தது. ஒரு படத்துக்கு ஒரு பல்ப், அதோடு அதன் ஆயுள் முடிந்தது. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஹரோல்ட் எட்ஜர்டன் என்ற பொறியாளர், வாயு நிரப்பிய குழாய்க்குள் மின்சாரத்தைப் பாய்ச்சி, கணநேர வெளிச்சத்தைத் திரும்பத் திரும்ப வரவழைக்கும் கருவியை உருவாக்கினார். பால் சொட்டு விழுந்து கிரீடம் போலத் தெறிக்கும் புகழ்பெற்ற படம் அவர் எடுத்தது. இன்று வீட்டு ஹாலில் நிற்கும் ஸ்ட்ரோப் அந்தக் கருவியின் பேரன்தான்.

அதை நடுத்தர வர்க்கத்து வீடு வரைக்கும் கொண்டுவந்தவை ஷென்ஜென் நகரத்து கோடாக்ஸ் போன்ற சீன நிறுவனங்கள். விளக்கின் முகப்பில் சாஃப்ட்பாக்ஸ் என்ற, ஒளியை மென்மையாக்கும் துணிப்பெட்டியை மாட்டும் வளையத்துக்கு போவன்ஸ் மவுண்ட் என்று பெயர். 1923இல் தொடங்கிய போவன்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் வடிவமைப்பு அது. அந்த நிறுவனம் 2017இல் மூடப்பட்டுவிட்டது. மவுண்ட் மட்டும் உலகம் முழுக்கப் பிழைத்திருக்கிறது. வாங்கும்போது இந்த மவுண்ட் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நாளைக்கு விளக்கை மாற்றினாலும் சாஃப்ட்பாக்ஸ் வீணாகாது.

எவ்வளவு சக்தி வேண்டும் என்பதில்தான் பலர் தேவைக்கு மேல் செலவழிக்கிறார்கள். கோடாக்ஸின் எஸ்.கே.300 வரிசை விளக்கின் கைட் நம்பர், அதாவது அதன் வலிமையைச் சொல்லும் எண், 58. அதை மிகக் குறைந்த சக்தியான 1/16இல் வைத்து, வெள்ளைக் குடை வழியாக அனுப்பினாலும், மூன்றடி தூரத்தில் ஐஎஸ்ஓ 100க்கு எஃப்/8 சுற்றுவட்டாரத்தில் படம் சரியாக வரும். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் 600 வாட்-வினாடி விளக்கை வைத்துக்கொண்டு வெளிச்சத்தைக் குறைக்க வழியில்லாமல் திண்டாடுவதைவிட, 200 அல்லது 300 போதும்.

முதல் வேலை, அறையை இருட்டாக்குவது. திரையை இழுத்து மூடிவிட்டு, கேமராவை மேனுவலில் வையுங்கள்: ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/125, அபெர்ச்சர் எஃப்/8. ஸ்ட்ரோபை அணைத்துவிட்டு ஒரு படம் எடுங்கள். படம் முழுக் கறுப்பாக வர வேண்டும். வந்தால், இனி படத்தில் தெரியும் ஒவ்வொரு பொட்டு வெளிச்சமும் உங்கள் விளக்கிலிருந்து வந்தது என்று நிச்சயமாகச் சொல்லலாம். டியூப் லைட்டின் பச்சையும் ஜன்னலின் நீலமும் கலக்காத அந்தக் கறுப்புப் படத்திலிருந்துதான் கற்றல் தொடங்குகிறது.

மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு சிக்கல் வரும். படம் கறுப்பாக வரும் அளவுகளில் வைத்ததும் திரையும் கறுத்துவிடும். எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார் என்றே தெரியாது. விளக்கு பழுது, கேமரா பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். எக்ஸ்போஷரை முன்கூட்டியே திரையில் காட்டும் வசதியை மெனுவில் அணைத்தால் போதும். இன்னொன்று, படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழுவது. ஷட்டர் வேகத்தைக் கேமராவின் ஸிங்க் எல்லைக்கு மேல் கூட்டினால் அப்படி ஆகும். பெரும்பாலான கேமராக்களில் அந்த எல்லை 1/200 அல்லது 1/250. அதற்கு மேல் போனால், ஃபிளாஷ் வெட்டும் நொடியில் ஷட்டரின் இரண்டாவது திரை சென்ஸாரின் ஒரு பகுதியை மறைத்துவிடுகிறது. 1/125இல் நின்றால் இந்தத் தொல்லையே இல்லை.

இப்போது விளக்கை ஏற்றுங்கள். உட்கார்ந்திருப்பவரின் முகத்துக்கு நேர் முன்னாலிருந்து ஒரு பக்கமாக 45 டிகிரி நகர்த்தி, கண் மட்டத்துக்கு மேலே உயர்த்தி, குடையை முகத்தை நோக்கிச் சாயுங்கள். மூக்கின் நிழல் சரிந்து இறங்கி, மறு கன்னத்தின் நிழலோடு சேரும். நிழல் பக்கத்துக் கண்ணுக்குக் கீழே சின்ன முக்கோணமாக வெளிச்சம் மிஞ்சும். டிமில் பெயர் சொல்லி விற்ற ரெம்ப்ராண்ட் ஒளி அதுதான். ஆம்ஸ்டர்டாமில் அந்த ஓவியர் 1639 முதல் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகம். அவர் உட்கார்ந்து ஓவியம் தீட்டிய அறையின் ஜன்னல்கள் வடக்கு பார்த்தவை; நேர் வெயில் உள்ளே வராது, வானத்தின் வெளிச்சம்தான் வரும். உயரத்தில், ஒரு பக்கத்தில், அகலமான ஒரே ஒளி. குடையை வைத்து வீட்டில் செய்வதும் அதேதான்.

அங்கிருந்து விளக்கை முகத்துக்கு நேர் முன்னால் கொண்டுவந்து உயர்த்தினால், மூக்கின் கீழே வண்ணத்துப்பூச்சி வடிவில் நிழல் விழும். 1930களில் மார்லின் டீட்ரிச்சின் கன்ன எலும்பைச் செதுக்கிக் காட்டியது இந்த ஒளி. பக்கவாட்டில் 90 டிகிரிக்குத் தள்ளினால் முகம் இரண்டாகப் பிரியும். விளக்கைக் கண் மட்டத்துக்குக் கீழே இறக்கினால் பேய்ப்படம். ஒரே விளக்கு, ஒரே முகம். இடம் மாறினால் ஆளே மாறுகிறார்.

எந்தப் பக்கம் வைப்பது என்பதைச் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள். தூரம்தான் பிடிபட நாளாகும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் பாதியாவதில்லை, கால்வாசியாகிறது. பள்ளிப் புத்தகத்தில் தலைகீழ் இருமடி விதி என்று படித்ததை வீட்டுச் சுவரில் பார்க்கலாம். வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஆறடி தள்ளி ஒருவரை உட்கார வையுங்கள். விளக்கை முகத்திலிருந்து இரண்டடியில் வைத்தால், சுவருக்கும் விளக்குக்கும் ஏறக்குறைய எட்டடி. நான்கு மடங்கு தூரம். முகத்தில் விழுவதில் பதினாறில் ஒரு பங்குதான் சுவருக்குப் போகும். வெள்ளைச் சுவர் படத்தில் அடர்ந்த சாம்பலாகிவிடும். இப்போது விளக்கை முகத்திலிருந்து எட்டடிக்குத் தள்ளி, சக்தியைக் கூட்டி அதே எக்ஸ்போஷருக்குக் கொண்டுவாருங்கள். சுவர் வெளுத்துக்கொண்டு வரும். பின்னணித் துணி எதுவும் வாங்காமல், ஒரு சுவரிலிருந்து பலவிதப் பின்னணி கிடைத்துவிட்டது.

தூரம் நிழலின் ஓரத்தையும் மாற்றுகிறது. முகத்தருகே இருக்கும் குடை பெரிய ஒளி; நிழலின் விளிம்பு குழைந்து மறையும். அதே குடையைப் பத்தடி தள்ளிவைத்தால் முகத்துக்கு அது சின்னப் புள்ளி; நிழல் கத்தியால் வெட்டியது போல நிற்கும். மென்மையான ஒளி வேண்டும் என்று விளக்கைத் தூரமாகத் தள்ளுகிறவர்கள் ஏராளம். செய்ய வேண்டியது நேர்மாறானது.

வீட்டு அறைக்கென்று சில குணங்கள் உண்டு. நம் வீடுகளில் பச்சை, ரோஸ், ஆகாய நீலம் என்று சுவர்கள். குடையிலிருந்து சிதறும் வெளிச்சம் அந்தச் சுவரில் பட்டுத் திரும்பி, கன்னத்தில் அதே நிறத்தைப் பூசும். கணினியில் அதை நீக்குவது பெரும்பாடு. பக்கத்துச் சுவரில் ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிடுவது சுலபம். சின்ன வெள்ளை அறையில் எதிர்ப் பிரச்சினை: எல்லாச் சுவரும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி, நீங்கள் கேட்காமலே நிழலை நிரப்பிவிடும். நிழல் பக்கத்தில் கறுப்புப் போர்வையை நாற்காலியில் விரித்து வைத்தால் நிழல் மீண்டும் ஆழமாகும். ஒரு தெர்மோகோல் பலகை வாங்கி, ஒரு பக்கத்தில் கறுப்பு சார்ட் ஒட்டிக்கொள்ளுங்கள். வெள்ளைப் பக்கம் நிழலை நிரப்பும், கறுப்புப் பக்கம் ஆழமாக்கும். இரண்டாவது விளக்கு செய்யும் வேலையில் பாதியை அந்தப் பலகையே செய்துவிடும். நம் சினிமா செட்டுகளில் தெர்மோகோல் பிடிக்க ஒருவர் எப்போதும் நிற்பது சும்மா இல்லை.

சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியை இந்திய சினிமாவில் ஒரு கலையாக ஆக்கியவர் சுப்ரதோ மித்ரா. 1956இல் சத்யஜித் ராயின் 'அபராஜிதோ'வுக்காகக் காசி வீட்டு முற்றத்தை ஸ்டூடியோவுக்குள் கட்டினார்கள். திறந்த வானத்திலிருந்து இறங்கும் நிழலற்ற வெளிச்சத்தை எப்படிக் கொண்டுவருவது? செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, கீழிருந்து விளக்குகளை அதில் அடித்துத் திருப்பினார் மித்ரா. ஸ்ட்ரோபின் முகத்தைத் திருப்பி வெள்ளைச் சுவரிலோ கூரையிலோ அடித்துப் பார்ப்பவர் அவருடைய வழியில்தான் போகிறார்.

அடுத்தது மாநிறமும் கறுப்புமான முகங்கள். பிலிம் காலத்தில் கோடக் நிறுவனம் லேப்களுக்கு அனுப்பிய நிற ஒப்பீட்டு அட்டைகளில் பல பத்தாண்டுகளாக வெள்ளைக்காரப் பெண்களின் படமே இருந்தது. மற்ற நிறங்களை அந்த அட்டைக்கு ஏற்பத்தான் அச்சிட்டார்கள். நம் ஸ்டூடியோக்கள் இன்னொரு பக்கம், வெளிச்சத்தைக் கொட்டியும் கணினியில் வெளுக்க வைத்தும் கறுத்த முகத்தை அதன் சொந்தக்காரருக்கே அடையாளம் தெரியாதபடி ஆக்கிவைத்தன. இது அழகு சேர்ப்பதில்லை, அவமதிப்பு. கறுத்த தோலுக்கு அதிக வெளிச்சம் தேவையில்லை. பெரிய ஒளி தேவை. கறுத்த தோல் வெளிச்சத்தைப் பளபளப்பாகத் திருப்பித் தரும். சின்ன விளக்கில் நெற்றியிலும் மூக்கு நுனியிலும் வெள்ளைப் புள்ளிகளாக எரியும் அந்தப் பளபளப்பு, அருகில் வைத்த பெரிய குடையில் கன்னத்தின் மேல் அகலமாகப் பரவி முகத்தின் வடிவத்தை வரைந்து காட்டும். நிறம் அதன் ஆழத்திலேயே நிற்கும்.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக. ஸ்ட்ரோபுக்குள் இருக்கும் கெபாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தத்தை வைத்திருக்கும். மூடியைத் திறக்கவே கூடாது. ஒளி எங்கே விழும் என்று முன்கூட்டியே காட்ட ஸ்ட்ரோபில் எரியும் மாடலிங் லைட் பழைய குண்டு பல்பாக இருந்தால் சூடு பிடிக்கும்; துணியை ஒட்டி வைக்காதீர்கள். மின்விசிறி ஓடும் அறையில் குடை காற்றை வாங்கி ஸ்டாண்டோடு சாய்ந்துவிடும். மின்விசிறியை நிறுத்துங்கள், அல்லது ஸ்டாண்டின் காலில் மணல் மூட்டையைக் கட்டுங்கள். குழந்தையைப் படமெடுக்கும்போது இரண்டையும் செய்யுங்கள்.

பழக முகம் வேண்டுமே? வீட்டு மனிதர்கள் கால்மணி நேரத்தில் சலித்துவிடுவார்கள். கொலு பெட்டியிலிருந்து மூக்கும் முழியுமான ஒரு பெரிய பொம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். அசையாது, கோபிக்காது, நள்ளிரவிலும் உட்கார்ந்திருக்கும். விளக்கை ஒரு கை நீளம் நகர்த்தி ஒரு படம், இன்னொரு கை நீளம் நகர்த்தி ஒரு படம் என்று வரிசையாக எடுத்து, ஒன்றையொன்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இன்னொரு பயிற்சிக்குக் கேமராவே வேண்டாம். பத்திரிகையில் வரும் முகப்படங்களில் கண்மணியைப் பெரிதாக்கிப் பார்த்தால், அதில் விளக்கின் பிம்பம் இருக்கும். கம்பிகள் தெரிந்தால் குடை, சதுரமென்றால் சாஃப்ட்பாக்ஸ் அல்லது ஜன்னல். பிம்பம் கண்ணின் எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ, விளக்கும் அந்தப் பக்கத்தில்தான் நின்றது.

ஒற்றை விளக்கு கைவிடும் இடம் ஒன்று உண்டு. சுவர் இருண்டுபோகும்போது கருங்கூந்தலும் அதில் கரைந்துவிடும்; தலை எங்கே முடிகிறது, பின்னணி எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. அங்கேதான் இரண்டாவது விளக்குக்கு நியாயமான வேலை வருகிறது. அதை எங்கே, எவ்வளவு குறைவாக வைப்பது என்பதை அடுத்த வாரம் பார்க்கலாம். அதற்கு முன் ரெம்ப்ராண்ட் முக்கோணத்தில் ஒன்று, நேர் முன்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என ஒரே முகத்தை மூன்று விதமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பாடத்துக்கு அந்த மூன்று படங்களும் தேவைப்படும்.