குழாய் ஸ்பீக்கரில் கேட்ட ஊர்

ஊர் ஏக்கத்துக்கு மருத்துவப் பெயர் வைத்தவர் ஒரு மாணவர். வயது 19. பெயர் யோஹானஸ் ஹோஃபர். 1688-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டை அளித்தபோது, கிரேக்கத்திலிருந்து இரண்டு சொற்களை எடுத்து ஒட்டினார். ‘நோஸ்டோஸ்’ என்றால் வீடு திரும்புதல். ‘அல்கோஸ்’ என்றால் வலி. ‘நாஸ்டால்ஜியா’ பிறந்தது. ஹோஃபரின் சொந்த ஊர் முல்ஹவுஸ். பாசலிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். எங்கள் உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகிற தூரம்தான். பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து ஒரு தூக்கம் போட்டால் வந்துவிடும்.

அந்த ஏட்டில் வரும் நோயாளிகளில் ஒருவரும் மாணவரே. பெர்ன் நகரத்துப் பையன். பாசலுக்குப் படிக்க வந்தவன். இடையே ஏறக்குறைய 100 கிலோமீட்டர், நமக்குச் சென்னை மாதிரி. சோகம், படபடப்பு, விடாத காய்ச்சல். பிழைக்க மாட்டான் என்று பிரார்த்தனை வரைக்கும் போய்விட்டார்கள். அவனுக்கு என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் படிக்கப் போனது அதே பாசலுக்கு வடக்கே, ரயிலில் முக்கால் மணி நேரத் தொலைவில் உள்ள ஜெர்மனியின் ஃப்ரைபுர்க். அதன் பழைய தெருக்களில் சிறுசிறு வாய்க்கால்கள் ஓடும். ஏரிப் பாசன ஊர்க்காரனுக்கு வாய்க்கால் என்றால் மடை, நெல், தண்ணீர்த் தகராறு. அங்கே குழந்தைகள் கயிறு கட்டி மரப்படகு விடுகிறார்கள். முதல் டிசம்பர். மாலை நாலரைக்கே இருட்டு. விடுதியின் பொதுச் சமையலறையில் உப்புமா கிண்டிக்கொண்டிருந்தேன். செல்போனில் ஏதோ ஒரு வரிசையில் பாட்டு ஓடியது. திடீரென்று ஆடி மாதத்து அம்மன் பாட்டு ஒன்றின் தொடக்க இசை. உடுக்கை, அதன் மேல் ஒரு குழல். கரண்டி நின்றுவிட்டது. உப்புமா அடிபிடித்தது.

அந்த மூன்று விநாடிகளில் என்ன நடந்தது? தேடிப் போனால் வியப்பு அடுக்கடுக்காக வருகிறது.

முதலில் காது. நாம் கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலியில் செவிப்பறை அசையும் தூரம் ஒரு ஹைட்ரஜன் அணுவின் விட்டத்தைவிடக் குறைவு. அந்த அசைவை மூன்று எலும்புகள் கைமாற்றி உள்ளே அனுப்புகின்றன: சுத்தி, பட்டடை, அங்கவடி. (சுத்தியை நினைவில் வையுங்கள், பிறகு வேலை இருக்கிறது.) உடம்பிலேயே மிகச் சிறிய எலும்பு அங்கவடிதான், சுமார் 3 மில்லிமீட்டர், அரை அரிசி. அதற்கும் உள்ளே நத்தை ஓடுபோலச் சுருண்ட காக்ளியா. பிரித்து நீட்டினால் ஒன்றரை அங்குலம்கூட வராது. அதில் சுமார் 15,000 நுண்மயிர்ச் செல்கள் வரிசை கட்டி நிற்கின்றன. கீச்சுக்குரல் வாசலருகே, கட்டைக்குரல் கடைசியில் என்று ஒவ்வொரு சுருதிக்கும் ஓரிடம். ஓர் ஆர்மோனியத்தின் கட்டைகளைப் பாய்போலச் சுருட்டிக் காதுக்குள் வைத்ததுபோல.

அடுத்து, அடையாளம் காணுதல். 2019-ல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள், பழகிய பாட்டின் துணுக்கைக் கேட்பவர்களின் கண்மணி விரிவையும் மூளை மின்னலைகளையும் அளந்தார்கள். ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கிலிருந்து பத்தில் மூன்று பங்குக்குள் மூளை, ‘இது நம்ம பாட்டு’ என்று கண்டுகொண்டது. தொல்காப்பியர் மாத்திரைக்குச் சொன்ன அளவு கண் இமைக்கும் நேரம், விரல் நொடிக்கும் நேரம். ஏறக்குறைய அதுதான் இதுவும். அவ்வளவு சிறிய நேரத்தில் மெட்டு தொடங்கியே இருக்காது. பிறகு எதை வைத்துக் கண்டுபிடிக்கிறது? ஒலிநிறத்தை வைத்து. ஒரே சுருதியில் நாகஸ்வரத்தையும் புல்லாங்குழலையும் வேறாகக் காட்டுகிறதே, அந்தத் தன்மைதான் ஒலிநிறம். உளவியலாளர் கரோல் கிரும்ஹான்சல் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், பிரபலமான பாடல்களை அரை விநாடிக்கும் குறைவாக வெட்டிப் போட்டுக் காட்டினார். நான்கில் ஒரு தடவைக்கு மேல் பாடியவர் பெயரையும் பாட்டின் தலைப்பையும் சரியாகச் சொன்னார்கள்.

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. மறுநாள் அதே பாட்டை நல்ல ஹெட்ஃபோனில் போட்டேன். துல்லியமாகக் கேட்டது, ஒன்றும் ஆகவில்லை. அடியில் தவில் மாதிரி ஏதோ கனமாக அதிர்ந்தது. இது எப்போது இந்தப் பாட்டில் வந்தது? எப்போதும் இருந்திருக்கிறது. நான்தான் கேட்டதில்லை. எங்கள் தெருவில் கூழ் ஊற்றும்போது வேப்பமரத்தில் கட்டுவது குழாய் ஸ்பீக்கர். குழாயின் விரிந்த வாய், உள்ளே இருக்கும் சின்னஞ்சிறு தகட்டின் அதிர்வைத் திறந்த வெளிக் காற்றுக்குப் பக்குவமாகக் கைமாற்றிக் கொடுக்கிறது. அதனால்தான் கொஞ்சம் மின்சாரத்தில் நாலு தெருவுக்குக் கேட்கும். ஆனால் கட்டை ஒலியின் அலை பல மீட்டர் நீளம். இரண்டடி வாய்க்கு அது அடங்காது. ஆகவே அடி ஒலி முழுக்கக் கழிந்து, நடு ஒலி மட்டும் கரகரவென்று வெளியே வரும். என் மூளை சேமித்து வைத்திருந்தது அந்தக் கரகரப்பைத்தான். செல்போனின் பொட்டு ஸ்பீக்கருக்கும் அடி ஒலி வராது. சமையலறையில் அது தற்செயலாக வேப்பமரத்துக் குழாயின் குரலில் பாடிவிட்டது.

இசை கிளப்பும் நினைவு மூளையில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று 2009-ல் கலிஃபோர்னியாவின் பீட்டர் ஜனாடா தேடினார். ஆட்களின் பள்ளிப் பருவத்தில் பிரபலமாக இருந்த பாடல்களை ஒலிக்கவிட்டு மூளையைப் படமெடுத்தார். சொந்த வாழ்க்கை நினைவு கிளம்பும்போதெல்லாம், நெற்றிக்குப் பின்னால், இரு மூளைப் பாதிகளும் சந்திக்கும் நடுப்பகுதி சுறுசுறுப்பானது. ஹோஃபர் 1688-ல் என்ன எழுதினார் தெரியுமா? மூளையின் நடுவே, தாயகத்தின் சுவடுகள் ஒட்டியிருக்கும் இழைகளில் உயிர்ச்சாறு ஓயாமல் அதிர்வதுதான் இந்த நோய் என்றார். உயிர்ச்சாறு என்ற ஒன்று கிடையாது. இடமும் அவர் சொன்ன நடு அல்ல. ஆனாலும் மின்விளக்கே இல்லாத காலத்துப் பத்தொன்பது வயதுக்காரருக்கு இது மோசமான ஊகம் இல்லை. அவருக்குப் பின் 1705-ல் ஷாய்ஷ்சர் என்ற சுவிஸ் அறிஞர் வேறு காரணம் சொன்னார்: மலையில் வாழ்ந்தவர்கள் சமவெளிக்கு இறங்கினால் காற்றழுத்தம் கூடி இதயத்தை நெருக்குகிறதாம். அப்படியென்றால் உத்திரமேரூர்ச் சமவெளியிலிருந்து கடல்மட்டத்துக்கு 280 மீட்டர் மேலே போன நான் குதியாட்டம் போட்டிருக்க வேண்டும்.

இன்னொரு புதிர். நான் பிறந்தது இந்த நூற்றாண்டில். என்னைக் கலங்கடிக்கும் பாடல்களோ பெரும்பாலும் எண்பதுகளின் இளையராஜா. பத்து வயதிலிருந்து முப்பதுக்குள் நடந்தவைதாம் பிற்காலத்தில் அதிகம் நினைவுக்கு வரும். இதற்கு ‘நினைவு மேடு’ என்று பெயர் வைக்கலாம். என் மேடு எண்பதுகளில் எப்படி இருக்கும்? 2013-ல் கிரும்ஹான்சலே விடை கண்டார். இருபது வயது இளைஞர்களிடம் பல பத்தாண்டுகளின் பாட்டுகளைக் கொடுத்துப் பார்த்தால், அவர்கள் காலத்துப் பாட்டோடு, அவர்களுடைய பெற்றோரின் இளமைக் காலத்தில் இன்னொரு மேடு எழும்பியிருந்தது. அப்பா இருபது வயதில் விரும்பிய பாட்டு டவுன் பஸ்ஸிலும் டீக்கடையிலும் வீட்டு ரேடியோவிலுமாக என் தலைக்குள் இறங்கிவிட்டது. நிலம், நகை, ரேஷன் கார்டு மட்டும் வாரிசுக்கு வருவதில்லை.

நினைவு எதில் எழுதப்படுகிறது? எங்கள் ஊர்க்காரனுக்குக் கல்வெட்டு என்று சொல்லத்தான் வாய் வரும். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய தேர்தல் விதிகள் இன்றும் அப்படியே இருக்கின்றன. மனித நினைவோ அந்த விதிகள் சொல்லும் குடவோலையின் வகை: பனையோலை. ஓலை நைந்துபோகும், படி எடுத்தால்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும், படி எடுக்கிறவன் கை நடுக்கமும் அதில் சேரும். 2000-ல் கரீம் நாதர் என்ற ஆய்வாளரும் குழுவினரும் எலிகளில் இதைக் காட்டினார்கள். உறுதிப்பட்ட நினைவும் மறுபடி கிளப்பப்படும்போது இளகுகிறது. மீண்டும் புதிதாகப் பதிந்தால்தான் நிலைக்கும். இதற்கு மீள்பதிவு என்று பெயர். ஆடித் திருவிழாவை ஃப்ரைபுர்க்கில் நினைக்க நினைக்க, அதில் கொஞ்சம் கொஞ்சமாகப் பனியும் கலந்திருக்கும். என் ஆயா ஊற்றிய கூழ் நிஜமாகவே அவ்வளவு ருசியா என்று இப்போது சத்தியம் செய்ய மாட்டேன்.

இனி சுத்தி. 2019 மே மாதம், கட்டடப் பொறியியல் பற்றிய பாகிஸ்தானிய முகநூல் பக்கம் ஒன்று ஒரு சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. ஒரு தமிழர், 2001-ல் வந்த ‘ஃப்ரண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு ஏற்ற காண்ட்ராக்டர் நேசமணியின் தலையில் விழுந்த சுத்தியலை நினைத்துப் பதில் போட்டார். நேசமணி நலம்பெறப் பிரார்த்தனை செய்யச் சொல்லும் வாசகம் ட்விட்டரில் உலக அளவில் முன்னணிக்கு வந்தது. எங்கள் விடுதியின் கொரிய நண்பனுக்கு அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினேன். மரியாதைக்குச் சிரித்தான். நான் இருநூறாவது தடவையாகக் கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

இருநூறு தடவை பார்த்ததில் என்ன கிடைக்கிறது? ஒருவழி உறவு என்ற கருத்தை 1956-ல் ஹார்டனும் வோலும் முன்வைத்தார்கள். திரையில் வருகிறவருக்கு நம்மைத் தெரியாது. நமக்கோ அவர் பக்கத்து வீட்டு மாமா. 2009-ல் வந்த ஓர் ஆய்வு இன்னும் கொஞ்சம் போனது. நெருங்கியவரோடு போட்ட சண்டையை நினைக்கச் செய்த பிறகு, தமக்குப் பிடித்த தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பற்றி எழுதியவர்களின் மனநிலை மற்றவர்களுடையதைப் போலச் சரியவில்லை. ஆட்களோடு இருப்பதன் தெம்பில் ஒரு பங்கை மூளை நேசமணியிடமிருந்தும் வாங்கிக்கொள்கிறது.

எல்லாவற்றிலும் என்னைத் திகைக்க வைத்தது குளிர் பற்றிய ஆய்வு. சோ சின்யூ என்ற சீன ஆய்வாளரும் பிரிட்டனின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தினரும் 2012-ல் வெளியிட்டது. 20, 24, 28 டிகிரியில் மூன்று அறைகள். 20 டிகிரி அறையில் இருந்தவர்களுக்குத்தான் பழைய நினைவின் ஏக்கம் அதிகம். (20 டிகிரி என்றால் எங்கள் ஊரில் மார்கழி விடியற்காலை, மஃப்ளர் வந்துவிடும்.) அடுத்து, ஏக்கமூட்டும் பாட்டைக் கேட்டவர்கள் உடம்பு கதகதப்பாக இருப்பதாகச் சொன்னார்கள். ஏங்க வைத்துவிட்டு, 4 டிகிரி நீரில் கையை வைக்கச் சொன்னபோது, அவர்கள் மற்றவர்களைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தார்கள். ஈழ எழுத்தாளர் எஸ்.பொ. தம் நூலுக்கு வைத்த தலைப்பு ‘நனவிடை தோய்தல்’. தோய்தல் எவ்வளவு பொருத்தம்: வெந்நீரில் தோய்வதுபோலத்தான் இருக்கிறது. பாட்டு கேட்டுப் புல்லரிப்பதுகூடக் குளிருக்கான பழைய ஏற்பாடு. உடம்பெல்லாம் ரோமம் இருந்த முன்னோர்களுக்கு, அதைச் சிலிர்த்துக் காற்றைப் பொதிந்து சூட்டைக் காத்த குட்டித் தசைகளின் வேலை.

அந்தச் சிலிர்ப்பை 2011-ல் மான்ட்ரியாலின் மக்கில் பல்கலைக்கழகத்தில் அளந்தார்கள். பிடித்த இசையின் உச்சம் வரும்போது டோபமின் என்ற வேதிப்பொருள் மூளையில் சுரக்கிறது. அதற்குச் சில விநாடிகள் முன்னால், ‘இதோ வரப்போகிறது’ என்று காத்திருக்கும்போதே மூளையின் வேறோர் இடத்திலும் அது சுரந்துவிடுகிறது. பல்லவியே வேண்டாம், உடுக்கை போதும்.

ஜனவரியில் அம்மா போனில், “இன்னாடா, கொரல் ஒருமாரி இருக்குது?” என்றாள். சளி என்றேன். அடுத்த வாரம் மார்ச்சுக்கு டிக்கெட் எடுத்தேன். இன்னும் எட்டு வாரம் இருந்தது, வெளியே பனி கொட்டியது. அன்றைக்கு ராத்திரியே நன்றாகத் தூங்கினேன்.

பெர்ன் மாணவனை ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று முடிவானது. பயண ஏற்பாடுகளைக் கண்ணால் பார்த்ததுமே மூச்சு சீரானது. பாசலைவிட்டுச் சில மைல் போனதும் காய்ச்சல் தணிந்தது. பெர்ன் வந்து சேருவதற்குள் அவன் முழுக்கத் தேறிவிட்டான்.