படகின் பேட்டரிக்கு எந்தக் கருவி?



ஆற்றோரத்திலும் கடலோரத்திலும் உள்ள தோட்டங்களில் சிறு மீன்பிடிப் படகு வைத்திருப்போர் உண்டு. மாலையில் வேலை முடிந்து வலையோடு போகிறவர், இருட்டிய பிறகுதான் கரை திரும்புவார். நடு வழியில் விளக்கு அணைந்து, எஞ்சினும் கிளம்பாமல், படகினுள் சேரும் நீரை இறைக்கும் பம்பும் நின்றுவிட்டால் என்ன ஆகும்? உயிருக்கே ஆபத்தல்லவா? பேட்டரியில் மின்சாரம் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்தால், நேரத்தோடு கரைக்குத் திரும்பிவிடலாம். அதைக் காட்டும் கருவியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று இன்று பார்ப்போம்.

கருவிகளில் இரு வகை உண்டு. முதலாவது வோல்ட் மீட்டர். விலை மலிவு, பொருத்துவதும் எளிது. 12 வோல்ட் ஈயப் பேட்டரியைச் சில மணி நேரம் ஓய்வில் விட்டு அளந்தால், சுமார் 12.7 வோல்ட் என்பது நிறைவு, 12.2 என்பது ஏறக்குறைய பாதி. 12-க்கும் கீழே இறங்கினால் மிச்சம் மிகக் குறைவு. ஆனால் விளக்கும் பம்பும் ஓடும்போது இந்த அளவு தாழ்ந்து காட்டும். எஞ்சின் ஓடிச் சார்ஜ் ஏறும்போது 14 வரை உயர்ந்து காட்டும். அதைப் பார்த்துப் பேட்டரி நிறைந்துவிட்டது என்று நம்பினால் ஏமாந்து போவோம்.

இரண்டாவது, கணக்கு வைக்கும் மானிட்டர். ஸ்டோர் வாசலில் கிராணி நின்று, உள்ளே வரும் மூட்டையையும் வெளியே போகும் மூட்டையையும் எழுதி, இருப்பைச் சொல்வாரல்லவா? அதே வேலைதான் இதற்கும். 'ஷண்ட்' என்ற உலோகத் துண்டைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பியில் பொருத்துவார்கள். அதன் வழியே போய்வரும் மின்சாரத்தை அளந்து, மிச்சத்தை மானிட்டர் காட்டும்.

எது நமக்குத் தேவை? ஒரு விளக்கும் எஞ்சினைக் கிளப்பும் வேலையும் மட்டுமென்றால் வோல்ட் மீட்டரே போதும். இரவெல்லாம் கடலில் இருப்பவருக்குக் கணக்கு வைக்கும் மானிட்டரே நல்லது. ஒரு கணக்குப் போடுவோம். 100 ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரியில் பாதியை, அதாவது 50-ஐ மட்டும் செலவிடுவதே பேட்டரிக்கு நல்லது. விளக்குகள், மீன் தேடும் கருவி, பம்பு எல்லாம் சேர்ந்து சராசரியாக 5 ஆம்பியர் இழுத்தால், 10 மணி நேரத்தில் அந்த 50 தீர்ந்துவிடும். லித்தியம் பேட்டரி வைத்திருப்போருக்கும் மானிட்டர் அவசியம். அதில் வோல்ட் பெரும்பகுதி நேரம் ஒரே அளவில் நின்று, கடைசியில்தான் சட்டென்று விழும்.

பொருத்தும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, எல்லா நெகட்டிவ் கம்பிகளும் ஷண்ட் வழியாகவே போக வேண்டும். பம்பின் கம்பியை நேராகப் பேட்டரியில் மாட்டினால், அது கிராணி கண்ணில் படாமல் பின்வாசலில் போகும் மூட்டைதான். இரண்டு, பேட்டரியின் அளவைச் சரியாகப் பதிவு செய்யுங்கள். பேட்டரி பழசானால் அதன் கொள்ளளவு குறையும். அதற்கேற்ப அந்த எண்ணையும் குறைக்க வேண்டும். மூன்று, உப்பு நீர் படாத உலர்ந்த இடத்தில் வையுங்கள். மானிட்டருக்குப் போகும் பாசிட்டிவ் கம்பியில் ஃபியூஸ் கட்டாயம் இருக்கட்டும்.

எந்தக் கருவியானாலும், படகை அவிழ்ப்பதற்கு முன் ஒருமுறை பாருங்கள். கடலில் இருக்கும்போதும் அவ்வப்போது பாருங்கள். வீட்டில் உங்களுக்காகக் காத்திருப்பவர்களை நினைத்து, மிச்சம் பாதியைத் தொடுமுன் கரைக்குத் திரும்புங்கள்.