குழந்தையோட பேர் ரேஷன் கார்டுல இருக்கா?

போன எபிசோட்ல நம்ம கம்பெனிகள் தர்ற குரூப் இன்ஷூரன்ஸ் பத்திப் பேசினோம். அதைக் கேட்டுட்டு ஒருத்தர் கேட்டிருந்தார்: "நமக்குக் குழந்தை பிறந்தா ஹெச்ஆருக்கு ஒரு மெயில் போட்டா போதும், பாலிசியில பேர் சேர்ந்துடும். எங்க வீட்டுல வேலை செய்யற அக்காவோட குழந்தைக்கு என்ன வழி?"

வழி இருக்கு. பல வருஷமாவே இருக்கு. ஆனா அந்த வழியில ஒரு சின்னக் கதவு இருக்கு, நிறைய குழந்தைகள் அங்கதான் நின்னுடறாங்க. இன்னைக்கு அதைப் பத்தித்தான் பேசப்போறேன்.

முதல்ல, திட்டம் என்ன?

தமிழ்நாட்டுல 2009-ல கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 ஜனவரியில அதோட இடத்துல முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2018-ல மத்திய அரசோட ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோட இதை இணைச்சாங்க. ஆட்சி மாறினாலும் காப்பீடு நிக்கலை. இப்ப ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரைக்கும் சிகிச்சை. குடும்பம் ஒரு ரூபாய்கூட பிரீமியம் கட்ட வேண்டாம், அரசாங்கமே கட்டிடும்.

இந்த 5 லட்சம் ஆளுக்கு ஆள் தனித்தனியா கிடையாது. குடும்பத்துக்கே சேர்த்து ஒரே தொகை. வீட்டுல யாருக்குத் தேவையோ அவங்க பயன்படுத்திக்கலாம்.

நம்ம பிரைவேட் பாலிசியில ஏற்கெனவே இருக்கற நோய்க்கு மூணு வருஷம் வரைக்கும் காத்திருக்க வேண்டி வரலாம். இதுல அந்தக் காத்திருப்பு இல்லை. குழந்தைகள் விஷயத்துல இது ரொம்பப் பெரிய வித்தியாசம். இதயத்துல ஓட்டை, பிறவிக் காது கேளாமை மாதிரி பிரச்சினை எல்லாம் பிறக்கும்போதே கூட வர்றதுதானே!

காய்ச்சல், சளின்னு டாக்டரைப் பார்த்துட்டு மருந்து வாங்கற செலவு இதுல வராது. பட்டியல்ல இருக்கற அறுவை சிகிச்சைகள், ஆஸ்பத்திரியில சேர்ந்து எடுக்கற சிகிச்சைகள், சில பரிசோதனைகள், இதுக்கெல்லாம்தான் இந்தத் திட்டம்.

யாருக்குக் கிடைக்கும்?

குடும்பத்தோட ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கணும். 12-ஆல வகுத்துப் பாருங்க, மாசம் 10,000. சென்னையில ரெண்டு பேர் வேலைக்குப் போற வீட்டுல இந்தக் கோட்டைத் தாண்டறது ரொம்ப சுலபம். தாண்டிட்டதால அவங்க வசதியாயிட்டாங்கன்னு அர்த்தம் இல்லை.

மாசம் 21,000-க்குள்ள சம்பளம் வாங்கி, கம்பெனியில முறையா பதிவாகியிருந்தா இஎஸ்ஐ இருக்கும். அது குழந்தைகளுக்கும் சேர்த்துதான். ஆனா நாலு வீட்டுல வேலை செய்யற அக்காவுக்கும், தெருமுனையில வண்டி போட்டு இஸ்திரி போடற அண்ணாவுக்கும் இஎஸ்ஐ யார் கட்டுவாங்க? அவங்க வருமானம் 10,000-க்குக் கீழ இருந்தா இந்தத் திட்டம் இருக்கு. மாசம் 14,000, 15,000 வந்தா அதுவும் இல்லை, இதுவும் இல்லை. இந்த நடுவுல மாட்டிக்கற குடும்பங்களைப் பத்தி நாம இன்னும் சத்தமா பேசணும்னு நினைக்கிறேன்.

சரி, அந்தச் சின்னக் கதவு எது?

ரேஷன் கார்டு. காப்பீட்டு அட்டையைப் பொறுத்தவரைக்கும் 'குடும்பம்'னா கணவன், மனைவி, குழந்தைகள், அவங்களைச் சார்ந்திருக்கற பெற்றோர். ஆனா பேர் ரேஷன் கார்டுல இருக்கணும். குழந்தை வீட்டுல இருக்கலாம், கண்ணு முன்னாடி ஓடி விளையாடலாம். ரேஷன் கார்டுல பேர் இல்லைன்னா திட்டத்தோட கண்ணுக்கு அந்தக் குழந்தை தெரியாது.

நான் டெவலப்பர். ஒரு பேக்கேஜ் இன்ஸ்டால் பண்ணப் போனா அது இன்னொண்ணைக் கேக்கும், அது வேறொண்ணைக் கேக்கும்னு நமக்கெல்லாம் தெரியும். இங்கயும் அதே கதைதான். காப்பீட்டு அட்டைக்கு ரேஷன் கார்டு, ரேஷன் கார்டுல குழந்தையைச் சேர்க்க ஆதாரோ பிறப்புச் சான்றிதழோ, குழந்தைக்கு ஆதார் எடுக்கப் பிறப்புச் சான்றிதழ். ஒரு கண்ணி அறுந்தாலும் மொத்தமும் நிக்கும்.

எங்க தெரு இஸ்திரி அண்ணாவோட மூணு வயசுப் பொண்ணு விஷயத்துல இதைப் பக்கத்துல இருந்து பார்த்தேன். அங்கன்வாடிக்குப் பரிசோதனைக்கு வந்த டாக்டர், குழந்தையோட இதயத் துடிப்புல ஏதோ சத்தம் கேக்குது, எக்கோ எடுத்துப் பாருங்கன்னு சொல்லியிருக்காங்க. எடுத்துப் பார்த்ததுல இதயத்துல ஓட்டை, ஆபரேஷன் தேவைன்னு தெரிஞ்சது. அண்ணாகிட்ட காப்பீட்டு அட்டை இருந்தது. ஆனா அது மூத்த பையன் பிறந்த சமயத்துல எடுத்தது. பொண்ணோட பேர் ரேஷன் கார்டுலயே இல்லை. ஏன்னா பிறப்புச் சான்றிதழ்ல பேர் எழுதற இடம் காலியா இருந்தது. ரேஷன் கார்டு திருவண்ணாமலை மாவட்டத்து முகவரியில. "தம்பி, ஒரு நாள் ஊருக்குப் போனா அன்னைக்கு வண்டி ஓடாது"ன்னார். மூணு நாள் போனார். எல்லாம் சரியாகி முடிய அஞ்சு வாரம் ஆச்சு. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு, இப்ப அந்தப் பொண்ணு நல்லா இருக்கா. அவளுக்கு அஞ்சு வாரம் காத்திருக்க நேரம் இருந்தது. எல்லாக் குழந்தைக்கும் அப்படி இருக்காது.

வரிசையா என்ன செய்யணும்?

ஒண்ணு, பிறப்புச் சான்றிதழ். குழந்தை பிறந்த 21 நாளுக்குள்ள பதிவு பண்ணணும். பேர் வைக்காமலே பதிவு பண்ணியிருந்தா, 12 மாசத்துக்குள்ள கட்டணம் இல்லாம பேரைச் சேர்க்கலாம். அதுக்கு அப்புறம் தாமதக் கட்டணம் உண்டு.

ரெண்டு, ஆதார். அஞ்சு வயசுக்குள்ள இருக்கற குழந்தைக்குக் கைரேகை எடுக்க மாட்டாங்க. அம்மா அல்லது அப்பாவோட ஆதாரை வெச்சே எடுத்துடலாம். அஞ்சு வயசு ஆனதும் கைரேகையைப் புதுப்பிக்கணும், மறந்துடாதீங்க.

மூணு, ரேஷன் கார்டுல உறுப்பினர் சேர்க்கை. பொது விநியோகத் திட்ட இணையதளத்துலயே பண்ணலாம். இல்லைன்னா பக்கத்துல இருக்கற ஈ-சேவை மையம்.

நாலு, வருமானச் சான்றிதழ். இதையும் ஈ-சேவையில விண்ணப்பிக்கலாம். விஏஓ, வருவாய் ஆய்வாளர்னு வரிசையா சரிபார்த்துத்தான் வரும். அதனால இதுக்குச் சில நாள் ஒதுக்கி வெச்சுக்கணும்.

அஞ்சு, இதையெல்லாம் எடுத்துக்கிட்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துல இருக்கற காப்பீட்டுத் திட்ட மையத்துக்கு நேர்ல போகணும். சென்னைக்காரங்களுக்கு அது ராஜாஜி சாலை, சிங்காரவேலர் மாளிகை. போட்டோ, கைரேகை எடுத்துப் பதிவு பண்ணுவாங்க.

சந்தேகம் இருந்தா 1800 425 3993, கட்டணமில்லா எண்.

ஆஸ்பத்திரியில?

திட்டத்துல சேர்ந்த அரசு ஆஸ்பத்திரிகளும் இருக்கு, தனியார் ஆஸ்பத்திரிகளும் இருக்கு. "உங்க ஆஸ்பத்திரி திட்டத்துல இருக்கா"ன்னு மட்டும் கேட்டா பத்தாது. "இந்தச் சிகிச்சைக்கு இருக்கா"ன்னு கேளுங்க, ஏன்னா அனுமதி பிரிவு வாரியாத்தான் குடுத்திருப்பாங்க. அங்க காப்பீட்டுப் பிரிவுல அட்டையைக் காட்டினா, அவங்களே ரிப்போர்ட்டை அனுப்பி முன் அனுமதி வாங்குவாங்க. திட்டத்துல வர்ற சிகிச்சைக்குத் தனியா பணம் கேட்டா அதே எண்ணுக்குப் புகார் பண்ணலாம்.

"கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியில எல்லாமே இலவசம்தானே, அட்டை எதுக்கு?"ன்னு கேப்பீங்க. அட்டை இல்லைன்னு அங்க யாரையும் திருப்பி அனுப்ப மாட்டாங்க, அது உண்மை. ஆனா அட்டை இருந்தா அந்தச் சிகிச்சைக்கான தொகை அரசு ஆஸ்பத்திரிக்கே போகும், அவங்க வசதிகளை மேம்படுத்த அது உதவும். தனியார் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தா அந்த வழியும் திறந்திருக்கும்.

சில சிகிச்சைக்கு வயசு வரம்பே இருக்கு. காது கேக்காத குழந்தைக்கு வைக்கற காக்ளியர் இம்ப்ளான்ட் இந்தத் திட்டத்துல ஆறு வயசுக்குள்ள இருக்கறவங்களுக்குத்தான். காரணம் மருத்துவம் சார்ந்தது. சின்ன வயசுல சத்தம் கேட்டாத்தான் மூளை பேச்சைக் கத்துக்கும். அதனால அட்டைக்காக வீணாகற ஒவ்வொரு மாசமும் அந்தக் குழந்தையோட பேச்சுல இருந்து கழியுது.

இதைக் கேக்கற உங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு இந்த அட்டை தேவைப்படாது. ஆனா உங்ககிட்ட ஒரு ஸ்மார்ட்போன் இருக்கு, ஃபாரம் நிரப்பத் தெரியும், ஒரு சனிக்கிழமை லீவு இருக்கு. இந்த வாரம் உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு அக்காகிட்டயோ அண்ணாகிட்டயோ மூணே மூணு கேள்வி கேளுங்க. பிறப்புச் சான்றிதழ்ல குழந்தையோட பேர் இருக்கா? ரேஷன் கார்டுல இருக்கா? காப்பீட்டு அட்டை எடுத்தாச்சா? எதுக்காவது "இல்லை"ன்னு பதில் வந்தா, குழந்தை நல்லா இருக்கும்போதே அந்த வேலையை ஆரம்பிச்சுடுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.